செயின் அறுந்து உடைந்த இன்ஜின் கேஸிங்: ஒரு பழுதின் முழு விவரம்

செயின் அறுந்து இன்ஜின் கேஸிங் (இன்ஜினின் வெளிக்கூடு) உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தால், பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "ஓட்டை எவ்வளவு பெரிசு?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, உடைந்த இடம் எது என்பது. வெறும் சுவரில் விழுந்த ஓட்டை உள்ளங்கை அகலம் இருந்தாலும் அடைத்துவிடலாம். பேரிங் உட்காரும் குழிக்குள் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால், அந்தக் கேஸிங்கை நம்பி ஒருவரை வண்டியில் ஏற்ற மனசு வராது. இங்கே எழுதியிருக்கும் வண்டியில் இரண்டுமே இருந்தன. சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அதன் ஓரத்திலிருந்து கிளம்பிப் பேரிங்கை நோக்கிப் போன ஒரு சின்ன விரிசல். ஓட்டையை அடைப்பதற்கு ஆன நேரத்தைவிட, அந்த விரிசல் எங்கே போய் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவும் அதைத் தடுக்கவும் ஆன நேரம்தான் அதிகம்.

வண்டி ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், கூலன்ட் ஓடும் இன்ஜின், 400 சிசிக்குப் பக்கம். செயின் 520 அளவு. முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 15 பல், பின்னது 45 பல். கிராங்க் கேஸ், அதாவது இந்தக் கேஸிங், இடது, வலது என்று இரண்டு பாதியாகப் பிரியும். முன் ஸ்ப்ராக்கெட் இடது பக்கம். அதற்கு நேர் முன்னால் கேஸிங்கில் ஒரு வளைந்த சுவர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மேக்னட் அறை, வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம் சுற்றும் இடம். அந்த அறையில் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அதனால் சுவர் உடைந்தால் ஆயில் நேராக ஸ்ப்ராக்கெட் மேல் வரும், அங்கிருந்து பின் டயருக்குப் போகும்.

ஓட்டியவர் சொன்னது இது. மூன்றாவது கியர், சுமார் 60 கி.மீ. வேகம். ஒரு லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருக்கிறார். காலடியில் இரும்பை இரும்பால் அடித்த மாதிரி ஒரு சத்தம். பின் சக்கரம் ஒரு கணம் பிடித்து, உடனே விட்டிருக்கிறது. கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, உடனே இன்ஜினை அணைத்துவிட்டார். அணைத்தது பெரிய புண்ணியம். ஆயில் இல்லாமல் ஓடவிட்டிருந்தால் கிராங்க் பேரிங்கும் போயிருக்கும். சாலையில் கிடந்த செயின் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தத் துண்டுகள் பின்னால் பெரிய உதவி செய்தன.

அந்தக் கணத்தில் நடப்பது

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்தச் சேதத்தின் வேகம் புரியும். 60 கி.மீ. வேகத்தில் பின் சக்கரம் நொடிக்கு எட்டு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. 45 பல்லுக்கு 15 பல் என்றால் முன் ஸ்ப்ராக்கெட் நொடிக்கு 25 சுற்று. 520 செயினின் ஒரு கண்ணி 15.875 மி.மீ. நீளம். அப்படியானால் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர் செயின் அந்தச் சின்ன ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிப் போகிறது. மொத்தச் செயினே 1.8 மீட்டருக்குள்தான். ஓட்டுகிறவர் சத்தம் கேட்டு, கை கிளட்சுக்குப் போக அரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முன் ஸ்ப்ராக்கெட் பன்னிரண்டு தடவை சுற்றி முடித்துவிட்டது. நடக்கவேண்டியது எல்லாம் அதற்குள் நடந்துவிடும். "சட்டென்று கிளட்சைப் பிடித்திருந்தால் தப்பியிருக்குமா?" என்று அவர் கேட்டார். தப்பியிருக்காது.

அறுந்த செயின் எல்லா நேரமும் கேஸிங்கை உடைப்பதில்லை. நல்ல நேரம் இருந்தால், அறுந்த முனை ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கீழ்ப்பக்கமாக வெளியேறி, செயின் முழுதும் பின்னால் சாலையில் விழுந்துவிடும். கெட்ட நேரம் என்பது, பின் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் மேல் பக்கத்துச் செயினை முன்னோக்கித் தள்ளுவது. அந்தச் செயினில் இழுவை இல்லை, அதனால் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் கவருக்குள் போய் மடிந்து குவிகிறது. குவிந்ததை ஸ்ப்ராக்கெட் மறுபடி பல்லில் பிடித்து, ஏற்கெனவே இருக்கும் சுற்றின் மேல் இன்னொரு சுற்றாக இழுத்துக்கொள்கிறது. ஸ்ப்ராக்கெட்டுக்கும் கேஸிங் சுவருக்கும் நடுவில் ஒரு அடுக்குச் செயினுக்குத்தான் இடம். இரண்டாவது அடுக்கு நுழைந்தால் ஒன்று செயின் நசுங்கவேண்டும், அல்லது ஸ்ப்ராக்கெட் நிற்கவேண்டும், அல்லது சுவர் போகவேண்டும். மூன்றிலும் மெலிந்தது 4 மி.மீ. அலுமினியச் சுவர்தான். பின் சக்கரம் ஒரு கணம் பிடித்து விட்டது என்று அவர் சொன்னாரே, சுவர் உடைந்து இடம் கொடுத்த கணம் அதுதான்.

இந்த விசை சுவரோடு நிற்பதில்லை. ஸ்ப்ராக்கெட் இருப்பது அவுட்புட் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின்) முனையில். சுவரை முன்னால் தள்ளும் அதே விசை, ஷாஃப்டைப் பின்னால் தள்ளுகிறது. ஷாஃப்ட் பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் தன் குழியைத் தள்ளுகிறது. அதனால்தான் ஓட்டையை மட்டும் பார்த்துப் பழுதை முடிவு செய்யக்கூடாது என்கிறேன்.

கழற்றிப் பார்த்தது

கவரைக் கழற்றும் முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டேன். செயின் எப்படி மாட்டி நிற்கிறது என்பதே ஒரு சாட்சி. இங்கே இரண்டு அடுக்காகச் சுற்றி, ஒரு வளையம் நேராகச் சுவரின் ஓட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. உளியால் அடித்து எடுக்க முயலாமல், ஒரு கண்ணியின் பின்னைக் கிரைண்டரால் தேய்த்து அறுத்து எடுத்தேன். உலோகப் பொடி உள்ளே போகாமல் ஓட்டையில் துணி அடைத்திருந்தேன்.

ஓட்டை ஏறக்குறைய 40 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம். ஸ்ப்ராக்கெட் கவர் இரண்டாகப் பிளந்து, அதைப் பிடித்திருந்த எம்6 போல்ட்டின் திமில் (போல்ட் ஏறும் தடித்த மேடு) ஒன்று வேரோடு பெயர்ந்திருந்தது. நியூட்ரல் ஸ்விட்ச் ஒயர் அறுந்திருந்தது. கியர் ஷிஃப்ட் ஷாஃப்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், கழற்றித் தட்டையான பலகையில் உருட்டியபோது தள்ளாடியது, புதிது போடவேண்டியதுதான். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆழமில்லாத ஒரு கீறல், அவ்வளவுதான்.

ஓட்டையின் கீழ்ப்புற மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, அவுட்புட் பேரிங் இருக்கும் பக்கமாகப் போயிருந்தது. கண்ணுக்கு 10 மி.மீ. நீளம் தெரிந்தது. விரிசல் விஷயத்தில் கண்ணை நம்பக்கூடாது. முனைக்குப் போகப்போக அது மெலிந்து, ஆயிலும் அழுக்கும் நிறைந்து, பார்வையிலிருந்து மறைந்துவிடும். அந்த இடத்தைக் கரைப்பான் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சிவப்புச் சாயம் அடித்தேன். பதினைந்து நிமிடம் ஊறியபின் துணியால் துடைத்தேன். கரைப்பானை நேரடியாக அதன்மேல் அடிக்கக்கூடாது. விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு உள்ளே இறங்கிய சாயத்தை உறிஞ்சி வெளியே காட்டும் வெள்ளைத் தூளான டெவலப்பரை மெல்லிசாக அடித்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளைப் பரப்பில் ஊசியால் கீறியது போல ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. 28 மி.மீ. கேஸிங் சுவரில் விலா எலும்பு மாதிரி தடித்து நிற்கும் ஒரு வரம்பைத் தாண்ட முடியாமல் அதிலேயே நின்றிருந்தது. பேரிங் குழியின் விளிம்புக்கு இன்னும் 9 மி.மீ. இருந்தது.

அந்த 9 மி.மீ.தான் இந்தக் கேஸிங்கைக் காப்பாற்றியது.

என்ன செய்வது என்ற முடிவு

மூன்று வழி இருந்தது. கேஸிங்கையே மாற்றுவது, வெல்டிங், அல்லது உலோகப் பொடி கலந்த எபாக்ஸி பசை.

மாற்றுவதுதான் சுத்தமான வழி என்று தோன்றும். ஆனால் உடைந்த இடது பாதியை மட்டும் வேறு இன்ஜினிலிருந்து எடுத்துப் போட முடியாது. இந்த வகைக் கேஸிங்கில் இரண்டு பாதியையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் பேரிங் குழிகளைக் கடைகிறார்கள். ஜோடி மாறினால் இடது குழியும் வலது குழியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்ற உத்தரவாதம் போய்விடும். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். இன்னொன்று, இன்ஜின் எண் பொறித்திருப்பது கிராங்க் கேஸில். கேஸ் மாறினால் வண்டிப் பதிவில் உள்ள எண்ணும் பொருந்தாது. அதைச் சரிசெய்யும் விதி நாட்டுக்கு நாடு வேறு. அந்த வேலைக்கும் தயாராக இருந்தால்தான் அந்த வழியில் இறங்கவேண்டும்.

எபாக்ஸியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல எபாக்ஸி இன்ஜின் ஆயிலின் சூட்டைத் தாங்கும், ஆயிலுக்குக் கரையாது. மேக்னட் அறைச் சுவரில் ஒரு ஊசித்துளை, விரிசல் எதுவும் இல்லை, அந்த இடத்தில் அழுத்தமும் இல்லை என்றால், உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, ஆயில் துளியும் இல்லாமல் கழுவிப் பூசினால் பல காலம் நிற்கும். நட்டநடு வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேரவும் உதவும். ஆனால் அலுமினியம் சூட்டில் விரிவதைவிட எபாக்ஸி அதிகமாக விரியும். ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகிக் குளிரும்போதும் ஒட்டிய விளிம்பு இழுபடுகிறது. 40 மி.மீ. ஓட்டையில் அது ஒருநாள் விட்டுவிடும். உள்ளே விழுந்தால் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். எல்லாவற்றையும்விட, வளர்கிற விரிசலைப் பசை தடுக்காது, மூடி மறைக்கும்.

ஆகவே வெல்டிங். இன்ஜினை வண்டியிலேயே வைத்து வெல்ட் செய்யலாமா என்று கேட்டால், வெறும் சுவர் ஓட்டை என்றால் சிலர் செய்கிறார்கள். பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் இடத்தின் பக்கத்திலேயே மாட்டவேண்டும். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் உருண்டைகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் பொத்தல் போடும். உள்ளே தங்கிய ஆயில் ஆவி தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது. இந்த விரிசல் பேரிங்கை நோக்கிப் போனதால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை. இன்ஜினை இறக்கி, முழுதாகப் பிரித்தேன்.

பிரித்தபோது மேக்னட் வீலின் உள்பக்கத்தில் ஒரு செயின் ரோலரின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாக உள்ளே போனதைக் காந்தம் பிடித்துவைத்திருக்கிறது. அந்தச் சக்கரத்துக்குள் அசையாமல் நிற்கும் மின்சுருளான ஸ்டேட்டரின் ஒரு முனையில் அது உரசிய பளபளப்புத் தெரிந்தது. ஓட்டையை வெளியிலிருந்து மட்டும் அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்திருந்தால், அந்தத் துண்டு ஸ்டேட்டர் சுருளைக் கிழித்திருக்கும். அலுமினியச் சில்லுகளைக் காந்தம் பிடிக்காது. அவை எல்லாம் கீழே ஸ்ட்ரெய்னர் வலையில் சேர்ந்திருந்தன. உடைந்த துண்டுகளை எல்லாம் பலகையில் வைத்துச் சேர்த்து, காணாமல் போன துண்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

வெல்டிங்குக்கு முன்னும் பின்னும்

முதலில் உலோகம் எது என்று பார்க்கவேண்டும். சில வண்டிகளில் கவர்கள் மெக்னீசியம் கலவை. அதன் தூள் தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். ஒரு மூலையைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால், மெக்னீசியம் பொங்கி நுரைக்கும்; அலுமினியம் சும்மா இருக்கும். இது சும்மா இருந்தது. அச்சில் அழுத்தி வார்த்த, சிலிக்கன் அதிகமுள்ள அலுமினியம்தான்.

இந்த வார்ப்பில் வெல்டிங்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, வார்க்கும்போதே உள்ளே சிக்கிய காற்று. உருக்கினால் அது குமிழாக வெளியே வரும். இன்னொன்று, வருஷக்கணக்காக உலோகத்தின் நுண்ணிய துளைகளில் ஊறிய ஆயில். கேஸிங்கை வெந்நீரிலும் டிடர்ஜென்ட்டிலும் கழுவி, அசிட்டோனால் துடைத்து, அடுப்பில் 150 டிகிரி செல்சியஸில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சுத்தமாகத் தெரிந்த பரப்பில் பழுப்பாக ஆயில் வியர்த்தது. துடைத்து மறுபடி வைத்தேன், வியர்ப்பது நிற்கும்வரை. இங்கே ஒரு எச்சரிக்கை. வெல்டிங்குக்கு முன் சுத்தம் செய்யக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. அது மிச்சமிருந்தால் வெல்டிங் ஒளியிலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

சாயம் காட்டிய விரிசல் முனையைக் கொஞ்சம் தாண்டி 2.5 மி.மீ. துளை ஒன்று போட்டேன். விரிசலின் கூர்மையான முனையில்தான் விசை எல்லாம் குவிகிறது. வட்டத் துளை அந்தக் கூர்மையை எடுத்துவிடும், விரிசல் மேலே ஓடாது. பிறகு விரிசல் முழுவதையும் கார்பைடு பர்ரால் (சுழன்று அராவும் முனையால்) 'வி' வடிவில் தோண்டினேன். தோண்டிய பள்ளத்தில் மறுபடி சாயம் போட்டு, அடியில் கோடு எதுவும் மிச்சமில்லை என்று பார்த்தேன். ஓட்டைக்கு, பெயர்ந்த துண்டையே திருப்பிப் பொருத்த முடியவில்லை. விளிம்புகள் நசுங்கிப் பிதுங்கியிருந்தன. பழைய இன்ஜின் கேஸிங் ஒன்றிலிருந்து அதே தடிமனில், அதே மாதிரி வளைவுள்ள துண்டை வெட்டி எடுத்து அரத்தால் உருவம் கொடுத்தேன். தட்டு அலுமினியத்தைவிட அதே வகை வார்ப்பு உலோகம் நன்றாகச் சேரும்.

வெல்டிங் ஆர்கான் வெல்டிங்தான், ஏசி மின்சாரத்தில். அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அடியில் உள்ள உலோகமோ 600க்குள்ளேயே உருகிவிடும். ஏசியில் மின்சாரம் மாறி மாறிப் பாயும் இரண்டு திசைகளில் ஒரு திசையில் பாயும்போதெல்லாம் அந்தப் படலம் உடைந்து விலகுகிறது. நிரப்புக் கம்பி 4047, ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கன். 4043 என்ற கம்பியைவிட இது நீர்த்து ஓடும், உறையும்போது விரிசல் விடுவதும் குறைவு. கேஸிங்கின் இணையும் முகத்தைத் தடிமனான இரும்புத் தகட்டில் எல்லாத் துளைகளிலும் போல்ட் போட்டு இறுக்கி, 150 டிகிரிக்குச் சூடாக்கி ஆரம்பித்தோம். கம்பி சேர்க்காமல் ஆர்க்கை மட்டும் ஓட்டியபோது முதலில் கரிக்கசடு மேலே வந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். பரப்பு வெள்ளியாகப் பளிச்சிட்ட பிறகுதான் கம்பியைக் காட்டினோம்.

ஒரே ஓட்டமாகச் சுற்றி வரக்கூடாது. 15, 20 மி.மீ. ஒரு பக்கம், பிறகு எதிர்ப்பக்கம் அதேபோல. சூடு ஓரிடத்தில் குவிந்தால் சுவர் இழுத்துக்கொண்டு பேரிங் குழியையும் கோணலாக்கும். வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கமும் போட்டோம். பெயர்ந்த திமிலை அடுக்கடுக்காக உலோகம் ஏற்றி உயர்த்தினோம். முடிந்ததும் வெப்பக் காப்புப் போர்வையில் சுற்றி, தானாக ஆறும்வரை தொடவில்லை. தண்ணீர் ஊற்றி ஆறவைப்பது, காற்று அடிப்பது எல்லாம் போட்ட வெல்டை நாமே உடைப்பதற்குச் சமம்.

ஆறியபின் அளவுகள். இணையும் முகத்தில் நேர்விளிம்பு வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்துப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை. 52 மி.மீ. அவுட்புட் பேரிங் குழியைப் போர் கேஜால் நான்கு திசையில் அளந்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது, பிரிக்கும்போது எடுத்துவைத்த அளவிலிருந்து மாறவில்லை. இந்த அளவு தவறியிருந்தால், வெல்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கேஸிங்கை ஒதுக்கிவைத்திருப்பேன்.

கசிவைப் பார்க்கப் பழைய முறை ஒன்றைத்தான் இன்றும் நம்புகிறேன். வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிவைப்பது. மண்ணெண்ணெய் ஆயிலைவிட மெல்லிசு. ஆயில் போகாத இடத்திலும் போகும். மறுநாள் காலையில் பார்த்தபோது ஒட்டுத் துண்டின் மேல் மூலையில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஈரப்புள்ளி இருந்தது. வார்ப்புக்குள் இருந்த காற்றுக்குமிழ் வெல்ட் வழியாக வெளியே வந்த வழி அது. மேலே பசை தடவி முடித்திருக்கலாம். அந்த இடத்தைத் தோண்டி மறுபடி வெல்ட் செய்து, மறுபடி சுண்ணாம்பு பூசி வைத்தோம். இரண்டாவது முறை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

உயர்த்திய திமிலில் துளையிட்டு, எம்6 மரை போட்டு, அதற்குள் எஃகுச் சுருள் இன்செர்ட் வைத்தேன். வெல்ட் உலோகத்தில் நேரடியாக மரை போட்டால் கவரை நாலு முறை கழற்றுவதற்குள் மழுங்கிவிடும்.

மீண்டும் பூட்டுதல்

இதில் விசேஷம் அதிகம் இல்லை. அவுட்புட் ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் சுற்றிப் பார்த்தேன், முள் 0.02 மி.மீ.க்கு மேல் அசையவில்லை, ஷாஃப்ட் நேராக இருக்கிறது. பேரிங்கை விரலில் சுற்றியபோது ஓரிடத்தில் சொரசொரத்தது, அதனால் புதிது. கேஸிங்கை 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பேரிங் தட்டாமலேயே குழியில் இறங்கும்: அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், 100 டிகிரி ஏற்றத்தில் 52 மி.மீ. குழி 0.05 மி.மீ.க்கு மேல் இடம் விடும். சுத்தியால் அடித்து இறக்குவது வேண்டாம். ஆயில் சீல்கள், ஸ்ப்ராக்கெட் காலருக்குள் இருக்கும் ஓ-ரிங், ஷிஃப்ட் ஷாஃப்ட், அதன் சீல், பேக்கிங்குகள், நியூட்ரல் ஒயர் எல்லாம் மாற்றினேன். காலருக்குள் இருக்கும் ஓ-ரிங்கை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிறகு சீல் ஒழுகுகிறது என்று சீலையே திரும்பத் திரும்ப மாற்றுவார்கள்.

செயின் ஏன் அறுந்தது

இதைக் கண்டுபிடிக்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், இத்தனை வேலையும் அடுத்த செயினுக்குப் பலியாகும்.

ஓட்டியவர் செயின் லாக், அதாவது செயினின் இரு முனையையும் சேர்க்கும் கண்ணி, கழன்று விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். கிளிப் வகை லாக்தான் போட்டிருந்தது, அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் அவர் கொண்டு வந்த துண்டுகளைக் கழுவி வரிசையாக அடுக்கியபோது, கிளிப் தன் பள்ளத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. திசையும் சரி, மூடிய பக்கம் ஓடும் திசையைப் பார்த்தே இருந்தது. அறுந்தது லாக்கிலிருந்து சில கண்ணிகள் தள்ளி, ஒரு வெளிப்பிளேட்டில், கண்ணியின் பின் (ஊசி) செருகியிருக்கும் துளையில்.

அந்த முறிவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் இரண்டு நிறம். துளையின் ஓரத்திலிருந்து பாதிக்கு மேல் வழவழப்பாக, பழுப்புத் துரு ஏறிய பகுதி. அதில் வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். மிச்சம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, புத்தம் புதிதாக. பழுப்புப் பகுதி பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசல். ஒவ்வொரு வளைவுக் கோடும் விரிசல் நின்று நின்று முன்னேறிய இடம். அன்றைக்கு முறிந்தது அந்தச் சாம்பல் பகுதி மட்டும்தான்.

இழுவிசைக் கணக்கும் அதையே சொல்கிறது. இந்த இன்ஜின் தரும் முறுக்கு விசை 35 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் கியரில் ஸ்ப்ராக்கெட்டுக்கு வருவது ஏறக்குறைய அதன் 4 மடங்கு. 15 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 38 மி.மீ. ஆக, செயினில் விழும் இழுவை சுமார் 3,700 நியூட்டன், அதாவது 375 கிலோ. நல்ல நிலையில் உள்ள 520 செயின் 3 டன் அளவுக்குத் தாங்கும். முந்துவதற்காக முறுக்கியதால் அது அறவில்லை. ஏற்கெனவே அறுந்துகொண்டிருந்தது.

விரிசலை வளர்த்தது எது? பழைய செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளம் அளந்தேன். புதிதில் 317.5 மி.மீ. இருக்கவேண்டும். ஓரிடத்தில் 319, இன்னோரிடத்தில் 324. இரண்டு சதவீதம் நீண்டாலே, அதாவது 323.8ஐத் தாண்டினாலே, செயின் முடிந்தது என்று பொருள். சீராகத் தேயாத செயினில் தொய்வு இடத்துக்கு இடம் மாறும். அவர் அதிகம் தொங்கும் இடத்தைப் பார்த்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி இறுக்கியிருக்கிறார். அப்போது மறுபக்கம் வரும் இறுக்கமான கண்ணிகளுக்குத் தொய்வே இல்லை. அட்ஜஸ்டரின் அடையாளக் கோடும் கடைசியில் நின்றது.

தொய்வு ஏன் வேண்டும் என்பதைப் பலர் புரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள். ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது ஆடும் அச்சு), பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அந்தத் தூரம் மிக அதிகம். கூடுவது சில மில்லிமீட்டர்தான். ஆனால் கையால் தூக்கிப் பார்க்கையில் 30 மி.மீ. தொய்வு என்று தெரிவது, செயினின் நீளத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் மட்டுமே. அதையும் இறுக்கி எடுத்துவிட்டால், ஆள் ஏறி ஒரு குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டியின் எடையே செயினை இழுக்கும். இன்ஜினின் இழுவைக்கு ஒரு எல்லை இருக்கிறது. இந்த இழுவைக்கு அப்படி எதுவும் இல்லை. பிளேட் துளையின் ஓரம் விரிசல் விட்டது அப்படித்தான். அவுட்புட் பேரிங் சொரசொரத்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 

செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகள் எல்லாம் சேர்த்துப் புதிதாகப் போட்டேன். லாக்குக்குப் பதில் ரிவெட் வகை இணைப்பு. அந்த இணைப்பு ஊசியின் முனையை விரிக்கும்போது அளந்து விரிக்கவேண்டும். இந்தச் செயினுக்கு 5.5 முதல் 5.8 மி.மீ. வரை. குறைந்தால் பிளேட் நழுவும், கூடினால் முனையே வெடிக்கும். ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி ஒரு கேஸ் கார்டு, அதாவது சுவருக்கு முன்னால் போல்ட் போட்டு நிற்கும் தடித்த உலோக வளைவு, அதையும் மாட்டினேன். இன்னொரு முறை செயின் குவிந்தால் அது முழுக்கத் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன். அடியை ஓரிடத்தில் விழவிடாமல் பரப்பிவிடும்.

முதல் ஆயில் மாற்றத்துக்கு வண்டி வந்தபோது கவரைக் கழற்றி, வெல்ட் செய்த இடத்தில் மறுபடி டெவலப்பர் தூளை அடித்துவிட்டு இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டேன். ஈரம் இல்லை. விரிசல் முனையில் போட்டு அடைத்த துளையின் பக்கம் சாயம் போட்டுப் பார்த்ததிலும் கோடு எதுவும் கிளம்பவில்லை. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் வழக்கமான கரும்பசை மட்டும் இருந்தது, சில்லுகள் இல்லை. புதுச் செயின் கொஞ்சம் தொய்ந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றி இறுக்கமான இடத்தைத் தேடி, அந்த இடத்தில் கையேடு சொல்லும் 30 முதல் 40 மி.மீ.க்குள் 35 வைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை அவரே செய்யும்படி, எங்கே அளப்பது, எந்தக் கண்ணியில் நிறுத்துவது என்று பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன்.